தாயின் நாவும் பிள்ளையின் பயமும்

பயங்கொள்ளிப் பிள்ளையைக் கண்டால், "அது பிறவிக் குணம்" என்று பெற்றோர் சொல்வது வழக்கம். பிரம்பில் நம்பிக்கையுள்ள உபாத்தியாயர் சிலரும் அதை ஆமோதிப்பார்கள். கானடா தேசத்து மக்கில் சர்வகலாசாலையார் 2004-ம் வருஷத்தில் வெளியிட்ட எலி ஆராய்ச்சியோ வேறு விதமாய்ச் சொல்லுகிறது.

திகில் உண்டானதும், சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகளிலிருந்து ஒரு ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. அது மூளையின் உயிரணுக்களுள் புகுந்து, அங்கே ஏற்பி என்னும் பொருளுடன் கூடிச் சில ஜீன்களைத் தூண்டும், சிலவற்றை அடக்கும். ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் இந்த ஏற்பிகள் போதிய அளவு இருந்தால், "போதும், நிறுத்து" என்ற உத்தரவு சுரப்பிக்கு விரைவில் போய்விடும்.

தாய் அதிகம் நக்கிச் சீராட்டாத குட்டிகளுக்கு, ஏற்பியை உண்டாக்கும் ஜீனின்மேல் மெதில் என்னும் ரசாயனப் பூட்டு மிகுந்திருந்தது. ஏற்பி குறைவு, ஆகவே கலவரம் அடங்கத் தாமதம். அத்தகைய தாய்க்குப் பிறந்த குட்டிகளை உடனே நன்றாய் நக்கும் வேறொரு தாயிடம் வளர்க்க விட்டார்கள். பூட்டுக் குறைந்தது! ஜீன் பெற்றவள் தந்தது. பூட்டோ வளர்த்தவளைப் பொறுத்தது.

"மனிதர் எலியல்லவே" என்பீர்கள். வாஸ்தவந்தான். ஆனால், பால்யத்தில் கொடுமைக்கு ஆளாகிப் பின்னர்த் தற்கொலை செய்துகொண்டோரின் மூளைகளிலும் இதே ஜீனில் பூட்டு மிகுந்திருந்ததாக 2009-ல் அவர்களே அறிவித்தார்கள்.