தம்மாமின் கடிகாரம் ஒரகடத்தில் எதற்கு?



ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் வரை செல்லும் தொழிற்சாலைச் சாலையின் இருமருங்கிலும் வாழும் நம் சமுதாயத்தில், இரண்டு கடிகாரங்கள் ஓடும் வீடுகள் பல. ஒன்று சுவரில், மற்றொன்று கைப்பேசியில். கைப்பேசியில் ஓடுவது தம்மாம் நேரம். மகனோ மருமகனோ அங்கே இருக்கிறார். அவர் வேலை முடிந்து எப்போது அழைப்பார் என்று பார்க்க அது வேண்டும். அதில் குறை காண ஒன்றுமில்லை. அந்தக் கடிகாரம் நம் நோன்பையும் பெருநாளையும் தீர்மானிக்கத் தொடங்கியிருப்பதைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

ரமளானின் இறுதியில் இப்பகுதியில் நடப்பதை அனைவரும் அறிவர். இரவு ஒன்பது மணியைத் தாண்டியதும் சவூதியிலிருந்து செய்தி வருகிறது. ஒரு வீட்டில் தக்பீர் முழங்குகிறது. சுவரை ஒட்டிய அடுத்த வீட்டில் ஸஹருக்கு அரிசி ஊற வைக்கிறார்கள். "உஸ்தாத், நாளைக்கு எங்க வீட்ல பெருநாள், பெரியத்தா வீட்ல நோன்பு. நான் எங்க சாப்பிடணும்?" என்று மதரஸாப் பிள்ளை கேட்கிறது. இக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் பெரியவர்கள்.

யாருடைய கடிகாரத்தை நாம் கட்டிக்கொண்டிருக்கிறோமோ அந்த ஊரைப் பற்றி முதலில் அறிந்துகொள்வோம். நூறாண்டுகளுக்கு முன் தம்மாம் கடலோரச் சிற்றூர். அருகில் கதீஃபின் பழம்பெரும் பேரீச்சந்தோப்புகள் இருந்தன. 1923இல் பஹ்ரைனிலிருந்து வெளியேறிய தவாஸிர் குலத்தார் தம்மாமிலும் அல்கோபரிலும் குடியேறி, மீன்பிடித்தும் முத்துக்குளித்தும் வாழ்ந்தனர். 1933இல் அமெரிக்க எண்ணெய்க் குழுமத்துடன் மன்னர் அப்துல் அஸீஸ் ஒப்பந்தம் செய்தார். 1938 மார்ச்சில் தம்மாம் ஏழாம் எண் கிணறு எண்ணெய் பொழிந்தது. அதன்பின் எழுந்ததுதான் இன்று நாம் அறியும் தம்மாம், தஹ்ரான், அல்கோபர். அரபியர், எகிப்தியர், சூடானியர், பாகிஸ்தானியர், வங்காளிகள், மலையாளிகள், பிலிப்பினோக்கள், நம் தமிழ்ப் பிள்ளைகள் என்று பல இனத்தார் உழைக்கும் நகரம் அது.

அந்த நகரத்துக்கே நேரம் ஒன்றாக இருக்கவில்லை என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 1960கள் வரையிலும் சவூதியில் 'அரபு நேரம்' பரவலாகப் புழங்கியது. மாலையில் சூரியன் மறையும்போது கடிகாரத்தைப் பன்னிரண்டுக்குத் திருப்பி வைப்பார்கள். ஆகவே ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் நேரம். எண்ணெய்க் குழுமத்தின் அலுவலகமோ வேறொரு கணக்கில் இயங்கியது. பள்ளிவாசலுக்கு ஒரு நேரம், எண்ணெய்க்கு ஒரு நேரம். அன்றைய தம்மாம்வாசி எவரும் எண்ணெய்க் குழுமத்தின் கடிகாரத்தைப் பார்த்து மஃக்ரிப் தொழவில்லை.

இன்றும் அப்படித்தான். மக்காவுக்கும் தம்மாமுக்கும் அரசாங்க நேரம் ஒன்றே. ஆனால் தம்மாம் கிழக்கே இருப்பதால் அங்கே மக்காவை விடச் சுமார் 40 நிமிடம் முன்னதாகச் சூரியன் மறைகிறது. தம்மாம் பாங்கைக் கேட்டு மக்காவில் ஒருவர் நோன்பு திறந்தால் அவர் நோன்பு முறிந்தது. ஒரே நாடு, ஒரே அரசு. ஆயினும் அவரவர் வானத்துக்கு அவரவர் வக்து. அப்படியிருக்க, கடல் கடந்த ஒரகடத்தின் நிலை என்ன? கடிகாரப்படி இந்தியா இரண்டரை மணி நேரம் முந்தி நிற்கிறது. சூரியனின் கணக்கோ ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நம் கடிகாரம் அலகாபாத்தை ஒட்டிய தீர்க்கரேகைக்கு வைக்கப்பட்டிருப்பதால் நம் சூரியனை விடப் பத்து நிமிடம் முந்தி ஓடுகிறது. தம்மாமின் கடிகாரம் தன் சூரியனுக்கு இருபது நிமிடம் பிந்தி ஓடுகிறது. (1906க்கு முன் சென்னைக்குத் தனி நேரமே இருந்தது, நுங்கம்பாக்கம் வானாய்வகம் அதைக் கணித்துத் தந்தது. நம் முப்பாட்டன்மார் அந்த நேரத்தில்தான் தொழுதார்கள்.) கடிகாரம் அரசாங்கம் வகுத்தது. வக்து அல்லாஹ் வகுத்தது.

"வக்து வேறு, நாள் வேறு; பெருநாள் உலகம் முழுவதற்கும் ஒன்றே" என்று சொல்வோர் உள்ளனர். அவர்களுக்கு ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான குரைப் அவர்களின் செய்தியை நினைவூட்டுகிறோம். ஷாமுக்குச் சென்றிருந்த குரைப் அங்கே வெள்ளி இரவில் பிறை கண்டார். மாத இறுதியில் மதீனா திரும்பினார். மதீனாவில் பிறை தென்பட்டதோ சனி இரவில். முஆவியா (ரலி) அவர்கள் கண்டது போதாதா என்று குரைப் கேட்டபோது, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் போதாது என்றார்கள்; முப்பதை நிறைவு செய்வோம் அல்லது பிறையைக் காண்போம், நபி (ஸல்) அவர்கள் எங்களுக்கு இவ்வாறே கட்டளையிட்டார்கள் என்றார்கள். ஷாமில் இருந்தது ஆட்சித் தலைமை. அங்கிருந்து வந்த செய்தி பொய்யுமல்ல. இருந்தும் மதீனாவாசிகள் தங்கள் வானத்தையே பார்த்தார்கள்.

ஓரிடத்தில் பிறை கண்டால் எல்லோருக்கும் போதும் என்று ஹனஃபி, மாலிகி, ஹன்பலி அறிஞர்கள் பலர் கூறியிருக்கிறார்கள்; ஷாஃபி மத்ஹபில் வெவ்வேறு உதயத் தலங்களைக் கருதுவதே வலுவான கருத்து. கற்றறிந்து அந்த முதல் கருத்தைக் கொண்டவர்களோடு நமக்குச் சண்டையில்லை. ஆனால் அந்த இமாம்களில் எவரும், முடிவை ஒவ்வொரு வீட்டின் தொலைபேசியிலும் விட்டுவிடச் சொல்லவில்லை. மக்கள் எல்லோரும் நோன்பு வைக்கும் நாளே நோன்பு, எல்லோரும் பெருநாள் கொண்டாடும் நாளே பெருநாள் என்ற பொருளில் திர்மிதியில் வரும் நபிமொழி ஜமாஅத்தைத்தான் முன்னிறுத்துகிறது. நம் தெருவில் நடப்பதோ ஃபிக்ஹ் அல்ல. பணம் வரும் திசையிலிருந்து மார்க்கமும் வரும் என்ற எண்ணம். சந்தேகமிருந்தால் கேட்டுப் பாருங்கள்: மொரோக்கோவில் பிறை கண்ட செய்திக்காக எந்த வீடு காத்திருக்கிறது?

இந்தப் பிளவால் இழப்பவர் யார்? வளைகுடா வருமானம் உள்ள வீட்டுக்கு எந்த நாளும் பெருநாளாகலாம். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் கன்வேயர் முன் நிற்பவருக்கு அது முடியாது. தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம் தொழிற்சாலைகளுக்குக் குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளை வகுக்கிறது. அந்த ஐந்தில் ரமளான் இடம்பெறுமா என்பது ஆலைக்கு ஆலை மாறும். இடம்பெற்றாலும் ஒரே நாள்தான். அந்த நாள் அரசு தலைமை காஜியின் அறிவிப்பை ஒட்டி அமையும். முந்தின நாளே ஊரில் பாதிப் பேர் தொழுது முடித்துவிட்டால், மறுநாள் விடுப்பில் வரும் தொழிலாளிக்கு எஞ்சுவது பாதித் திடல். ஒப்பந்தத் தொழிலாளிக்கோ, வீட்டார் சொல்லும் நாளில் வராமல் இருந்தால் சம்பளம் போகும். "எந்த நாளில்தான் உங்கள் பண்டிகை?" என்று மேற்பார்வையாளர் கேட்கும்போது அவர் தலைகுனிகிறார். அவரை அந்த இடத்தில் நிறுத்தியது ஆலை நிர்வாகம் அல்ல, நாம்.

அந்தத் திடலில் நம்மோடு நிற்கும் இன்னொரு கூட்டமும் உண்டு. அஸ்ஸாம், வங்காளம், பீகார் பகுதிகளிலிருந்து வந்து ஆலைகளிலும் கட்டுமானத்திலும் உழைக்கும் முஸ்லிம் இளைஞர்கள். "வடக்கத்தியான்" என்று நாம் ஒதுக்கிப் பேசுவது இவர்களைத்தான். தம்மாமின் வரலாற்றில் இதற்கும் பாடம் இருக்கிறது. எண்ணெய்க் குழுமத்தின் தொடக்ககாலக் குடியிருப்புகள் இனம் பார்த்தே பிரிக்கப்பட்டன: அமெரிக்கருக்கு நல்ல வீடுகள், இத்தாலியர், இந்தியர், பாகிஸ்தானியருக்கு இடைத்தர முகாம், மண்ணின் மைந்தர்களான சவூதித் தொழிலாளருக்கு ஓலைக்குடிசை. 1953 அக்டோபரில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்த பிறகே பல விஷயங்கள் மாறத் தொடங்கின. அந்த நகரத்திலிருந்து பெருநாள் தேதியை வாங்கிவரும் நாம், அங்கே நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த நன்மையை ஏன் வாங்கிவரவில்லை? தம்மாமிலும் அல்கோபரிலும் அழைப்பு மையங்கள் தமிழ்ப் பிரிவு வைத்து நம் மக்களுக்குத் தமிழில் பயான் செய்கின்றன, இஃப்தாரில் உணவளிக்கின்றன. தமிழ் தெரியாத அரபு நாட்டில் தமிழுக்கு இடம் கிடைத்தது. இங்கே, வெள்ளிக்கிழமை பிந்தி வரும் அஸ்ஸாம் இளைஞருக்குச் செருப்பு வைக்கும் மூலையும் புரியாத பயானும்தான் கிடைக்கின்றன.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் நேரடியாகவே கேட்கிறோம். நம் பகுதியில் லுஹரின் வக்து பருவத்துக்கேற்பப் பகல் 11.55 முதல் 12.25க்குள் தொடங்குகிறது, அஸர் வரை நீள்கிறது. இவ்வளவு அகலமான வக்தை அல்லாஹ் தந்திருக்க, அக்கம்பக்கத்துப் பள்ளிகள் எல்லாம் ஏன் 1.15, 1.30க்கே ஜும்ஆவை வைக்க வேண்டும்? காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிகிறது; பிற்பகல் ஷிப்ட் அப்போதே தொடங்குகிறது. ஒரு பள்ளியில் 12.45க்கும் சற்றுத் தொலைவிலுள்ள மற்றொன்றில் 2.30க்கும் ஜும்ஆ நடந்தால் இரண்டு ஷிப்ட்டுக்காரர்களும் தொழலாம். ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் அரசு அலுவலகங்களை வெள்ளிக்கிழமை நண்பகலோடு முடித்து, ஜும்ஆவை 1.15க்கு மாற்றியமைத்தது. தன் மக்களின் வேலை நாளைப் பார்த்து அது நேரம் வகுத்தது. நம் நிர்வாகங்கள் அமீரகத்தின் பேரீச்சம்பழத்தைப் பார்த்த அளவுக்கு இதைப் பார்க்கவில்லை.

வரும் ஷஅபான் மாதத்துக்கு முன்பாக இச்சாலையோர ஜமாஅத்துகள் ஒன்றுகூட வேண்டும். பிறை அறிவிப்பை எந்த அமைப்பிடமிருந்து ஏற்பது என்று எழுத்தில் முடிவெடுத்து ஒவ்வொரு பள்ளியிலும் ஒட்ட வேண்டும். அந்தத் தாளில் உருதும் வங்காளமும் இருக்கட்டும். ஒப்பந்தத் தொழிலாளர் இருவரேனும் அந்தக் கூட்டத்தில் உட்காரட்டும். கூட்டம் ஞாயிறு காலை நடந்தால் அவர்களால் வர முடியும், வெள்ளி மாலை வைத்தால் முடியாது.