கடன் அட்டையும் அடுக்களைக் கணக்கும்

ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்த பின்னரும் தூணோரம் ஒருவர் அமர்ந்திருந்தால், அவர் ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று பொருள். ஒன்பது மாதங்களுக்கு முன் அவ்வாறு அமர்ந்திருந்தவர் திருவொற்றியூர்க்காரர். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளைப் பதிவு செய்யும் யார்டு ஒன்றில் அவருக்கு வேலை. மாதச் சம்பளம் 28,000 ரூபாய். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நம் முன் விரித்தார். ஒரு வங்கியின் கடன் அட்டைக் கணக்கு அது. பாக்கி 60,000 ரூபாய்.

"ஓராண்டுக்கு மேலாகக் கட்டிக்கொண்டே இருக்கிறேன், ஹஜ்ரத். குறையவே மாட்டேன் என்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது" என்றார்.

இந்தக் கடன் எப்படி வந்தது என்று கேட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் வடசென்னையைச் சூழ்ந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. எண்ணூர்ப் பக்கத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து சுவர்களில் கறையாய்ப் படிந்தது. அவர் வீட்டிலும் குளிர்பதனப் பெட்டி, கட்டில், மோட்டார் சைக்கிள் எல்லாம் நீரில் போயின. அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் வீட்டைக் கழுவித் துடைக்கவே சரியாகிவிட்டது. மற்றவற்றுக்கு அட்டை கைகொடுத்தது. அதோடு நின்றிருந்தால் தாங்கியிருக்கும். பிறகு பெருநாளுக்குப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி, மகனுக்குக் கைப்பேசி, தங்கை மகள் திருமணத்துக்குச் சீர் என்று எல்லாமே அதே அட்டையில் ஏறின. வெள்ளத்தை நாம் குறை சொல்ல இயலாது. கைப்பேசியை அவரே குறை சொல்லிக்கொண்டார்.

அந்தத் தாளில் "குறைந்தபட்சம் செலுத்த வேண்டிய தொகை" என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே 3,000 ரூபாய் என்றிருந்தது. அதைக் கட்டினால் கடமை முடிந்தது என்று அவர் நம்பியிருந்தார். படித்தவர் பலரும் அப்படித்தான் நம்புகின்றனர். அவர் அட்டைக்கு வட்டி மாதம் நூற்றுக்கு மூன்றரை. ஆண்டுக்கு 42 விழுக்காடு. 60,000 ரூபாய்க்கு மாத வட்டி 2,100 ரூபாய். அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி 378 ரூபாய். ஆக 2,478 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே போயிற்று. அவர் கட்டிய 3,000 ரூபாயில் அசலைத் தொட்டது வெறும் 522 ரூபாய்! அதே மாதத்தில் அட்டையைத் தேய்த்து 800 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் கடன் கூடத்தானே செய்யும்? மேலும், முழுத் தொகையைக் கட்டாமல் பாக்கி வைத்தவருக்கு வட்டியில்லாத அந்தச் சில வாரத் தவணையும் இல்லாமற் போகிறது. புதிதாக வாங்கும் பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அட்டையைக் கொண்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பதோ இன்னும் கொடியது. அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு, எடுத்த நாள் முதல் வட்டியும் உண்டு.

இந்த வட்டிக்கு வரம்பு கிடையாதா என்று கேட்கலாம். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ஆம் ஆண்டு, ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் அட்டைக்காரர்களிடம் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தீர்ப்புச் சொல்லிற்று. 2024 டிசம்பர் 20-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கிவிட்டது. ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட விதிகளில், குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவந்தால் கடன் வளராத வகையில் அத்தொகையைக் கணக்கிட வேண்டும் என்று கூறியுள்ளது. கடன் வளராது, அவ்வளவே. அது விரைவில் தீரும் என்று அந்த விதி வாக்களிக்கவில்லை. சட்டத்தின் நிழல் இந்த அளவுதான். எஞ்சியதை வீடுதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அட்டையே கூடுமா கூடாதா என்ற வினாவும் உடன் எழுகிறது. 2000-ஆம் ஆண்டு ரியாத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வட்டி நிபந்தனை உள்ள கடன் அட்டையைத் தவணைக்குள் கட்டும் எண்ணத்துடன் கூடப் பெறலாகாது என முடிவு கூறியது. உரிய நாளில் முழுத் தொகையையும் கட்டிவிடுபவருக்கு அனுமதி உண்டு எனக் கூறும் உலமாக்களும் உளர். அந்த ஆய்வை இன்னொரு வெள்ளிக்கு ஒதுக்குவோம். கிணற்றில் விழுந்தவனிடம் கிணற்றுச் சுவர் எவ்வளவு உயரம் இருந்திருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருப்பது முறையன்று. அவனுக்கு வேண்டியது கயிறு.

அந்த அன்பர் இன்னொன்றும் கேட்டார். "வட்டி ஹராம்தானே, ஹஜ்ரத்? அதைக் கட்டாமல் விட்டுவிட்டால் என்ன?" இந்தக் கேள்வியை நாம் பலரிடம் கேட்டிருக்கிறோம். அசல் அவர் உண்மையாகவே பெற்ற பணம். அதைத் திருப்பிக் கொடுப்பது அமானிதம். வட்டியைக் கட்ட மறுத்தால் வட்டி ஒழிவதில்லை. தாமதக் கட்டணமும் சேர்ந்து பெருகி, நீதிமன்றம் வரை இழுக்கும். வட்டி கொடுக்கும் காலத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பதுதான் அவர் முன் உள்ள தவ்பாவின் வழி. ஒவ்வொரு மாதமும் அசலிலிருந்து கழியும் ரூபாய், அடுத்த மாதத்து வட்டியிலிருந்து அவரை அந்த அளவுக்கு விடுவிக்கிறது.

பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுகையில் பாவத்திலிருந்தும் கடனிலிருந்தும் பாதுகாவல் தேடிப் பிரார்த்திப்பார்கள். கடனை ஏன் இத்தனை முறை குறிப்பிடுகிறீர்கள் என ஒருவர் வினவினார். கடன்பட்டவன் பேசும்போது பொய் உரைக்கிறான், வாக்களித்து மாறுகிறான் என்பதே நாயகத்தின் விடை. புகாரியில் இடம் பெற்ற இந்த ஹதீதை நாம் ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தியிருக்கிறோம். ஆயினும் அதன் முழுப் பொருளும் அந்தத் தூணடியில்தான் விளங்கிற்று. அந்த அன்பர் வங்கியிடம் பொய் சொன்னதில்லை. தம் வீட்டாரிடம்தான் சொல்லி வந்தார். வசூல்காரர் தொலைபேசியில் அழைத்தால் யார்டிலிருந்து அழைக்கிறார்கள் என்பார். சம்பளம் குறைந்துவிட்டது என்று ஒரு மாதம், நண்பருக்குக் கைம்மாற்றுக் கொடுத்தேன் என்று மறு மாதம். இவரை வங்கி வருத்தியதைவிட இந்தப் பொய்கள்தாம் அதிகம் வருத்தின.

மூன்று தீனார் கடனை விட்டுச் சென்ற ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் தொழுவிக்கத் தயங்கியதும், அபூகத்தாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்ற பின்னரே தொழுவித்ததும் நாம் அறிந்ததே. மூன்றே தீனார்! அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவரிடம் இதை நாம் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது சொல்ல மனம் வரவில்லை. "இன்று மஃரிபுக்குள் உங்கள் வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்" என்று மட்டும் சொன்னோம்.

அவர் சொன்னார். இரண்டு நாட்கள் அந்த வீட்டில் பேச்சில்லை. மூன்றாம் நாள் அம்மையார் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து அன்றாடச் செலவை எழுதத் தொடங்கினார். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பணிக்கும் வசனம்தான் (2:282) திருமறையிலேயே நீண்டது என்பது இங்கு நினைவுக்கு வருகிறது. ஒரு மாதம் எழுதியபின் அந்த நோட்டு பேசிற்று. எங்கே போகிறதென்று தெரியாத பணம் எல்லாம் எங்கே போயிற்று என்பது அதில் இருந்தது.

யார்டு வாசலில் அவர் குடிக்கும் இரண்டு தேநீரும் ஒரு வடையும் நாளுக்கு 40 ரூபாய். அம்மையார் பிளாஸ்க்கில் தேநீர் கொடுத்தனுப்பினார். பால், சர்க்கரைச் செலவு போக மாதம் 750 ரூபாய் மிஞ்சியது. ஞாயிறுதோறும் ஐந்து பொட்டலம் பிரியாணி 750 ரூபாய். அதை வீட்டில் சமைத்தால் 400 ரூபாயில் முடிகிறது, அதுவும் மறுநாள் காலைக்கும் வருகிறது. நான்கு ஞாயிறுக்கு 1,400 ரூபாய் மீதம். 2021 முதல் மாநகரச் சாதாரணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை என்று தெரிந்தும், தாயும் மகளும் ஷேர் ஆட்டோவில் போய்வந்தார்கள். பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பியதில் மாதம் 500 ரூபாய் நின்றது. யாரும் பார்க்காத படச் சந்தாக்கள் இரண்டை நிறுத்தியதில் 350 ரூபாய். கூட்டிப் பாருங்கள். 3,000 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு நூறு ரூபாய். இவ்வளவுக்கும் குழந்தைகளின் பாலையும் முட்டையையும் அம்மையார் தொடவில்லை. மாமியாரின் சர்க்கரை நோய் மருந்தையும் தொடவில்லை. சிக்கனம் என்ற பெயரில் நோயாளியின் மருந்தைக் குறைக்கும் வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். அது சிக்கனமன்று, கருமித்தனத்தினும் கீழானது. வீண்விரயமும் வேண்டாம், கையிறுக்கமும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவே நில்லுங்கள் என்பதே ஃபுர்கான் அத்தியாயத்தின் போதனை (25:67).

மீனை மட்டும் குறைக்க அவர்கள் வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை. வாசலில் வரும் கூடைக்காரரிடம் வாங்காமல், அவர் வாரம் ஒருமுறை பஜ்ருத் தொழுகைக்குப் பின் காசிமேட்டுக்கே போய் வாங்கி வந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விலை ஏறும்போது கருவாட்டுக் குழம்பே போதும் என்று ஆயிற்று.

இந்த நூறு ரூபாய் என்ன செய்கிறது என்பதைக் கணக்கே சொல்லட்டும். அட்டையை முற்றிலும் நிறுத்திவிட்டு மாதம் 3,000 ரூபாய் மட்டும் கட்டிவந்தால் 60,000 ரூபாய்க் கடன் தீர 44 மாதங்கள் ஆகும். மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 1,30,000 ரூபாய். மாதம் 6,000 ரூபாய் கட்டினால் 14-ஆம் மாதத்தில் தீர்ந்துவிடும். மொத்தம் 79,000 ரூபாய் அளவில் நிற்கும். பிளாஸ்க்குத் தேநீரும் பேருந்துப் பயணமும் ஒரு குடும்பத்தை 50,000 ரூபாய் வட்டியிலிருந்து மீட்கின்றன. ஒரு சிறு குறிப்பு: வட்டி நாள் கணக்கில் ஓடுவதால், கடைசித் தேதி வரை காத்திராமல் சம்பளம் வந்த அன்றே கட்டுவது நல்லது. சம்பளப் பணம் கையில் தங்கும் நாட்களில் அதற்கு வேறு வேலைகள் வந்துவிடும் என்பது யாவருக்கும் தெரிந்த சங்கதி.

நகையைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பெட்டியில் வளையல் உறங்கும்போது 42 விழுக்காடு வட்டி கொடுப்பது அறிவுடைமையன்று. அதை அடகு வைத்து வேறொரு வட்டியில் நுழையாமல் விற்றுக் கடனை அடைப்பது நல்ல வழிதான். ஆனால் அந்த நகை மஹராகவோ தாய்வீட்டுச் சீராகவோ வந்திருந்தால் அது மனைவியின் சொத்து. கேட்டு வாங்கவும் கணவனுக்கு உரிமையில்லை, முகம் சுளிக்கவும் உரிமையில்லை. அவள் தானாக முன்வந்தால் அது வேறு. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியார் ஜைனப் (ரலி) அவர்கள், தம் பொருளைக் கணவருக்குச் செலவிடலாமா என்று கேட்டபோது, அதற்கு இரட்டை நன்மை உண்டு என நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள்: உறவைப் பேணிய நன்மை ஒன்று, தர்மத்தின் நன்மை ஒன்று.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. அட்டையின் மாதத் தவணையில் உம்ரா போய் வருவோர் இன்று உளர். குர்பானி ஆட்டை அட்டையில் வாங்குவோரும் உளர். வசதியில்லாதவர் மீது மார்க்கம் சுமத்தாத சுமையை வட்டிக்கு வாங்கித் தோளில் ஏற்றிக்கொள்வது என்ன பக்தி?

கட்டவே இயலாத நிலைக்குப் போய்விட்டவர்கள் வங்கிக்குப் போய்ப் பேச வெட்கப்பட வேண்டாம். மஸ்ஜிதுந் நபவியில் கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வர வேண்டிய கடனைக் கேட்டுக் குரல் உயர்ந்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் திரையை விலக்கி, பாதியைத் தள்ளுபடி செய்யுமாறு சைகை காட்டினார்கள். அவர் இசைந்ததும், கடன்பட்டவரை எழுந்து போய்க் கொடுக்கப் பணித்தார்கள். வங்கியும் சமரசத் தொகைக்கு இணங்குவதுண்டு. இணங்கினால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் கடன் பதிவேட்டில் அது குறையாகத் தெரியும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். வசூல்காரர் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கலாகாது என்பது 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இட்ட ஆணை. கடன் தீர்ந்த பின் அட்டையை மூடக் கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பதும் அதே ஆண்டின் விதிகளில் உள்ளது. வெட்டி எறிந்தால் மட்டும் அட்டை மூடப்பட்டதாகாது.

இனி மஹல்லாக்களுக்கு ஒரு வார்த்தை. ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடன்பட்டோரும் ஒரு வகையினர் (9:60). ரமளானில் சேலையும் சில்லறையுமாய்ப் பிரிந்து போகும் பணத்தில், இத்தகையோரைத் தேடிச் செல்வது எத்தனை? ஜகாத் பெறும் தகுதியில்லாதவருக்கு வட்டியில்லா அழகிய கடன் வேண்டும். தேவ்பந்தில் 1961-இல் தொடங்கிய முஸ்லிம் ஃபண்டு வட்டியின்றிக் கடன் கொடுத்து நடந்த நிறுவனம். ராயபுரத்திலும் எண்ணூரிலும் உள்ள நம் ஜமாஅத்துகள் அவ்வளவு பெரிதாக எண்ண வேண்டியதில்லை. இரண்டு இலட்சம் ரூபாய் நிதியும், எழுதும் நேர்மையான கையும் இருந்தால் ஆண்டுக்கு ஐந்தாறு வீடுகளை வட்டியிலிருந்து வெளியே கொணரலாம்.

திருவொற்றியூர் அன்பர் சென்ற வெள்ளியன்று வந்திருந்தார். எட்டுத் தவணை முடிந்து பாக்கி 27,000 ரூபாய்ச் சொச்சம். முதவல்லியிடம் சொல்லி அந்தத் தொகையை ஜமாஅத்திலிருந்து அழகிய கடனாக வாங்கித் தரட்டுமா என்று கேட்டோம். "எனக்கு ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும், ஹஜ்ரத். என் எதிர் வீட்டுக்காரருக்கு இரண்டு அட்டை. அவர் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. அவருக்குப் பாருங்கள்" என்றார். வரும் ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகக் குழு கூடுகிறது.