என் தோல் ஜாக்கெட்டின் அசல் விலை

பெரியமேட்டில் பேரம் பேசி வாங்கிய ஜாக்கெட். தோல் ஆம்பூர்ப் பக்கத்தது என்று கடைக்காரர் சொன்னபோது பெருமையாகக்கூட இருந்தது. போன வாரம் வாணியம்பாடி நண்பன் பைக்கில் ஏறும்போது சும்மா கேட்டான்: "எங்க பாலாத்தைத் தோள்ல மாட்டிக்கிட்டுச் சுத்துறியாடா?" சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறுத்த ஆரம்பித்தது.

மக்களே, நான் பி.காம். மூலப்பொருள், கூலி, மேற்செலவு என்று பைசா சுத்தமாய்க் கணக்குப் போடுவேன். தோல் பதனிடும் கழிவின் உப்பும் குரோமியமும் கெடுத்த கிணறு எந்தக் கணக்கில் வருகிறது? எதிலும் இல்லை. அதைத்தான் 'சல்லிசு' என்று பீற்றிக்கொண்டேன்.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்று வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996ல். அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் மறுபடி ஒரு தீர்ப்பு! நடுவில் பாக்கியைக் கட்டியது யார்? தண்ணீருக்குக் குடம் தூக்கியவர்கள்தான்.

"தொழிலாளிக்கு வேலை போயிடுமே" என்பீர்கள். நண்பனின் அப்பாவே டேனரித் தொழிலாளிதான். அவர் வீட்டிலும் குடிதண்ணீரைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். மூடச் சொல்லவில்லை ஐயா, சுத்திகரிப்புச் செலவையும் விலையில் சேருங்கள் என்கிறேன். ரெக்சினுக்கு மாறு என்காதீர்கள், அது பிளாஸ்டிக்.

ஜாக்கெட்டைத் தூக்கி எறியப் போவதில்லை. எறிந்தால் ஆறு திரும்பி வந்துவிடாது. கிழியும்வரை மாட்டிக்கொள்வேன். சல்லிசு என்று மட்டும் இனி சொல்லமாட்டேன்.