பால் உற்பத்திக் கனவும் உண்ணிக் காய்ச்சலும்

இலங்கையில் மாடு பற்றிய செய்தி என்றால் அது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே இருக்கும். ஒன்று மாடறுப்பு, மற்றது பால்மா விலை. 2020ஆம் ஆண்டு மாடறுப்புத் தடை யோசனைக்கு அமைச்சரவை கொள்கையளவில் அனுமதி வழங்கியபோது நாடே அதைப் பற்றி விவாதித்தது. பால்மா விலை ஏறும்போதெல்லாம் 'பாலில் தன்னிறைவு' என்ற கோஷம் எழுகிறது. உயிரோடு இருக்கும் மாட்டின் சுகம் பற்றியும் அதை நம்பி வாழும் குடும்பம் பற்றியும் இந்த விவாதங்களில் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

2022 டிசம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் கடுங்குளிரால் ஆயிரத்துக்கும் அதிகமான கால்நடைகள் இறந்தன. அது தலைப்புச் செய்தியானது. ஆனால் உண்ணிக் காய்ச்சல் வருடம் முழுவதும் பட்டிகளில் ஒன்றிரண்டாக மாடுகளைச் சாய்க்கிறது. ஒன்றிரண்டாகச் சாவதால் அது செய்தியாவதில்லை.

உண்ணிக் காய்ச்சல் என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒரே நோயல்ல. பபேசியோசிஸ், அனாபிளாஸ்மோசிஸ், தைலேரியோசிஸ் என மூன்று நோய்கள் உள்ளன. மூன்றின் கிருமிகளும் உண்ணி கடிக்கும்போது மாட்டின் இரத்தத்தில் சேர்ந்து செங்குருதிக் கலங்களைத் தாக்குகின்றன. கடுங்காய்ச்சல் வரும், பால் திடீரெனக் குறையும், முரசும் கண்ணின் உட்பகுதியும் வெளிறும். பபேசியோசிஸில் சிறுநீர் சிவப்பாக அல்லது கோப்பி நிறத்தில் போகும். அனாபிளாஸ்மோசிஸில் அந்த நிறமாற்றம் இருக்காது, மஞ்சள் காமாலையே தெரியும். சினைப்பசுவுக்குக் கருச்சிதைவு ஏற்படலாம்.

மருந்து இல்லாமல் இல்லை. ஆனால் ஒன்றுக்கு உதவும் ஊசி மற்றொன்றுக்கு உதவாது. எந்தக் கிருமி என்பதை ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கண்டறியலாம். செலவு குறைந்த பரிசோதனைதான். அது உரிய நேரத்தில் நடக்க மிருக வைத்தியரும் ஆய்வுகூட வசதியும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பட்டியோ காட்டோரத்தில் இருக்கிறது. ஆகவே பண்ணையாளர் கையில் கிடைத்த ஊசியைப் போடுகிறார். ஒரே ஊசியைப் பல மாடுகளுக்குப் பாவித்தால் அனாபிளாஸ்மா கிருமி அந்த ஊசி வழியாகவே அடுத்த மாட்டுக்குப் போய்விடும்.

இந்த நோய்க்கும் பால் கொள்கைக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் அனுபவம் உதவும். அங்கே 19ஆம் நூற்றாண்டில் டெக்சாஸ் மாடுகள் வடக்கே ஓட்டிச் செல்லப்பட்டன. அவை நல்ல சுகத்துடன் இருந்தன. ஆனால் அவை நடந்துபோன வழியிலிருந்த வடபகுதி மாடுகள் கூட்டமாக இறந்தன. இதற்குக் காரணம் உண்ணி என்பதைத் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் நிரூபித்தார்கள். உண்ணியுள்ள இடத்தில் பிறந்த கன்று சிறு வயதிலேயே கிருமியைச் சந்திக்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த கன்றுக்கு நோய் கடுமையாக வருவது குறைவு, பிறகு எதிர்ப்புச் சக்தி நிலைக்கிறது. உண்ணியையே கண்டிராத வளர்ந்த மாட்டுக்கு முதற்கடியே ஆபத்தாகலாம்.

இப்போது எமது நாட்டைப் பார்ப்போம். வெளிநாட்டிலிருந்து 20,000 கறவைப் பசுக்களைக் கொண்டுவரும் திட்டத்தின் கீழ் 2017இல் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் முதற்கட்டமாக 5,000 பசுக்கள் வந்தன. நோயாலும் இறப்பாலும் கடனாளியானதாகப் பண்ணையாளர்கள் முறையிட்டார்கள். தீவனம், வேறு நோய்கள், பராமரிப்பு, விலை எனப் பல காரணங்கள் பேசப்பட்டன. அவை அனைத்தும் முக்கியமானவையே. ஆயினும் குளிர்நாட்டு இனப் பசுவை உண்ணி நிறைந்த வெப்ப வலயத்துக்குக் கொண்டுவருமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அதன் இரத்தத்துக்கு என்ன பாதுகாப்பு? குயின்ஸ்லாந்தில் உண்ணி வலயத்துக்குள் கொண்டுசெல்லும் மாடுகளுக்கு உண்ணிக் காய்ச்சல் தடுப்பூசி போடப்படுகிறது. தனது நாட்டுக்குள்ளேயே அவுஸ்திரேலியா எடுக்கும் முன்னெச்சரிக்கை அது.

எமது நாட்டு மாடு பால் குறைவாகத் தரலாம். ஆனால் அதன் தோலும் இரத்தமும் இந்த மண்ணின் உண்ணிக்குப் பழகியவை. அதோடு கலந்த இனங்களைப் படிப்படியாக வளர்ப்பது மெதுவான வழிதான். இருப்பினும் சிறு பண்ணையாளரைக் கடனில் தள்ளாத வழி அதுவே.

மேய்ச்சல் தரையும் இதில் சேர்கிறது. ஒரு பெண் உண்ணி நிலத்தில் விழுந்து ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. தரையைக் கொஞ்ச காலம் ஓய விட்டால் குஞ்சுகள் மாடின்றி மடியும். ஆனால் மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனை போன்ற மேய்ச்சல் தரைகளே பறிபோவதாகப் பண்ணையாளர்கள் போராடும் நிலையில், மாற்றி மேய்க்க நிலம் எங்கே? நெருக்கி அடைத்த பட்டியில் உண்ணியும் நெருங்கியே பெருகும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் அந்த மருந்துக்கே உண்ணி பழகிவிடும்.

எமது சமூகத்துக்கும் இதில் பங்குண்டு. கிழக்கில் மாடு வளர்ப்போரும், மாட்டு வியாபாரிகளும், ஹஜ் பெருநாள் காலத்தில் மாவட்டம் விட்டு மாவட்டம் மாடு வாங்குவோரும் எம்மிடையே அதிகம். மாட்டோடு சேர்ந்து உண்ணியும் லொறியில் பயணம் செய்கிறது. சுகாதாரச் சான்றிதழை வெறும் கடதாசியாகப் பார்க்காமல், ஏற்றுமுன் காது, மடி, வாலடி ஆகிய இடங்களைச் சோதிப்பதை வியாபாரிகள் வழக்கமாக்க வேண்டும்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவையும் பெரிய விடயங்கள் அல்ல. வெற்றிடமுள்ள மிருக வைத்தியர் பதவிகளை நிரப்புவது, பிரதேச மட்டத்தில் இரத்தப் பரிசோதனை வசதி, மேய்ச்சல் தரைகளை வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாப்பது. பாடசாலைகளும் உதவலாம். விவசாய பாடம் கற்கும் மாணவன் தன் வீட்டு மாட்டின் முரசின் நிறத்தைப் பார்த்து இரத்தச்சோகையை அறியப் பழகினால், அது வைத்தியரை ஒரு நாள் முன்னதாக அழைக்கும் வாய்ப்பாகும்.

பத்து மாடு வைத்திருப்பவருக்கு ஒன்று இறந்தால் நட்டம். ஒரே பசுவின் பாலில் பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்துச் செலவைப் பார்க்கும் தாய்க்கு அது குடும்பத்தின் வருமானமே நின்றுபோவதாகும். அடுத்த கப்பலில் எத்தனை பசுக்கள் வரும் என்று கணக்கிடுமுன், இங்கே இருக்கும் பசுவைச் சாகவிடாமல் காப்பதற்கு எவ்வளவு ஒதுக்குகிறோம் என்பதை ஆட்சியாளர்கள் சொல்லட்டும்.