மஜ்ஜை தானம்: கையெழுத்துக்கு முன் பாட்டியிடம் பேசுங்கள்

ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் குழம்பில் நல்லி எலும்பு யாருக்கு என்று வீட்டில் போட்டி நடப்பதுண்டு. எலும்பைத் தட்டி உறிஞ்சும்போது வருகிறதே, அதுதான் மஜ்ஜை. அதே வீட்டில் ‘எலும்பு மஜ்ஜை தானம்’ என்று சொல்லிப் பாருங்கள். “முதுகெலும்பில் ஊசி போட்டு உறிஞ்சுவார்களாம். அப்புறம் பிள்ளை எழுந்து நடக்க முடியாதாம்” என்று யாராவது ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இந்தப் பேச்சு அப்படி முடியக் கூடாது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். மஜ்ஜைக் கொடையாளராகப் பதிந்துகொள்ள 18 வயது நிறைந்திருக்க வேண்டும். நீங்கள் இடைநிலைப்பள்ளி மாணவர்கள். இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளை வீட்டிலுள்ள பயத்தைப் போக்கப் பயன்படுத்துங்கள். பிறகு கையெழுத்திடுங்கள். இந்த வரிசை மாறினால் ஓர் உயிரே போகக்கூடும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் மஜ்ஜையின் வேலை. வளர்ந்த மனிதருக்கு இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா, முதுகெலும்பு ஆகியவற்றில் சிவப்பு மஜ்ஜை இருக்கிறது. அங்குள்ள குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள், நாள்தோறும் ஏறக்குறைய 20,000 கோடி சிவப்பணுக்களை உருவாக்குகின்றன. கிருமிகளோடு போராடும் வெள்ளையணுக்களும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் அங்கேதான் பிறக்கின்றன. இரத்தப் புற்றுநோயில் இந்தத் தொழிற்சாலை கெட்டுப்போன அணுக்களைப் பெருக்குகிறது. கடுமையான தலசீமியாவில் சரியான சிவப்பணுக்களை அதனால் உருவாக்க முடிவதில்லை. வேறு சில நோய்களில் தொழிற்சாலையே மூடப்பட்டுவிடுகிறது. மருந்தால் மட்டும் குணமாகாத நிலையில், மருத்துவர்கள் பழைய மஜ்ஜையை அகற்றிவிட்டுப் புதியதை வைக்க முடிவு செய்கிறார்கள்.

‘வைக்கிறார்கள்’ என்றதும் அறுவைச் சிகிச்சை என்று எண்ண வேண்டாம். நோயாளிக்குச் சில நாள்கள் கடும் மருந்து கொடுக்கிறார்கள். சிலருக்குக் கதிர்வீச்சும் உண்டு. அவருடைய மஜ்ஜை அழிந்துவிடுகிறது. பிறகு கொடையாளரின் ஸ்டெம் செல்கள் ஒரு பையிலிருந்து, இரத்தம் ஏற்றுவது போலவே, நரம்பு வழியாக உள்ளே செல்கின்றன. அவை இரத்தத்தில் மிதந்து, தாமாகவே எலும்புக்குள் இடம் தேடிக் குடியேறுகின்றன. புதிய வெள்ளையணுக்கள் தலைகாட்ட இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை சாதாரணக் காளானும் கிருமியும்கூட எமனாகலாம். அதனால்தான் வடிகட்டிய காற்றுள்ள தனியறை, சமைக்காத உணவுக்குத் தடை, பார்வையாளருக்குக் கட்டுப்பாடு. குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகளைக்கூடப் பிறகு மறுபடி போட வேண்டியிருக்கும். கொடையாளரின் இரத்த வகை வேறாக இருந்தால், நோயாளியின் இரத்த வகையும் நாளடைவில் அதற்கு மாறிவிடும்.

இரத்த வகையே மாறலாம் என்றால், பொருந்த வேண்டியது எது? எச்.எல்.ஏ. என்னும் அடையாளக் குறிகள். உடம்பின் பெரும்பாலான உயிரணுக்களின் மேல் இருக்கும் இக்குறிகளைப் பார்த்துத்தான் வெள்ளையணுக்கள் ‘இது நம் வீடு, இது அந்நியம்’ என்று பிரித்தறிகின்றன. இந்தத் தொகுதியின் முதல் குறியை 1958-இல் கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் ஜான் டோசே 1980-இல் நோபல் பரிசு பெற்றார். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையை நடைமுறைக்குக் கொண்டுவந்த அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸ் 1990-இல் பெற்றார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-இலும், கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1987-இலும் இச்சிகிச்சை தொடங்கியது. இன்று அம்பாங் மருத்துவமனை நம் நாட்டின் இரத்த நோய்ச் சிகிச்சைக்குத் தேசிய மையமாக விளங்குகிறது. மருத்துவர்களும் தனியறைகளும் அங்கே உண்டு. கொடையாளரை மட்டும் எந்த மருத்துவமனையாலும் கட்டிவைக்க முடியாது. அவர் மக்களிடையேயிருந்துதான் வர வேண்டும்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடுவோம். எச்.எல்.ஏ. குறிகள் ஒரு தொகுப்பாக அப்பாவிடமிருந்தும், ஒரு தொகுப்பாக அம்மாவிடமிருந்தும் வருகின்றன. இருவரிடமும் இரண்டிரண்டு தொகுப்புகள். ஆகவே பிள்ளைகளுக்கு நான்கு வகைச் சேர்க்கைகள் அமையலாம். உடன்பிறந்த ஒருவர் உங்களோடு முழுதும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று, அதாவது 25 விழுக்காடு.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் உங்கள் பாட்டி காலத்தில் ஒரு லயத்து வீட்டில் எட்டுப் பிள்ளைகள் இருப்பது அதிசயமில்லை. அந்த எட்டில் ஒருவருக்கு நோய் என்றால் உடன்பிறந்தோர் ஏழு பேர். ஏழு பேருமே பொருந்தாமல் போகும் வாய்ப்பு 0.75-ஐ ஏழு முறை பெருக்கினால் வருவது: ஏறக்குறைய 13 விழுக்காடு. ஆக, ஒருவராவது பொருந்தும் வாய்ப்பு 87 விழுக்காடு. இன்று ஈப்போவில் ஒரு தாமான் வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒருவருக்கு நோய் என்றால் மற்றவர் ஒருவரே. வாய்ப்பு வெறும் 25. சிகிச்சை இல்லாத காலத்தில் உடன்பிறப்புகள் நிறைய இருந்தார்கள். சிகிச்சை வந்த காலத்தில் குடும்பம் சுருங்கிவிட்டது.

குடும்பத்தில் கிடைக்காதபோது வெளியே தேட உதவுவதுதான் கொடையாளர் பதிவேடு. நம் நாட்டுப் பதிவேடு 2000-ஆம் ஆண்டு மருத்துவ ஆய்வுக் கழகத்தில் தொடங்கப்பட்டது. உலகப் பதிவேடுகள் அனைத்திலும் சேர்த்து 4 கோடிக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள். கேட்பதற்குப் பெரிய எண்தான். ஆனால் எச்.எல்.ஏ. தொகுப்புகள் பரம்பரையாக வருவதால், ஒருவருக்குப் பொருத்தமானவர் பெரும்பாலும் அவருடைய பூர்வீகத்தைச் சேர்ந்தவராகவே இருப்பார். 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, அந்நாட்டுப் பதிவேட்டில் ஐரோப்பிய வம்சாவளியினரில் 100-க்கு 75 பேருக்கு முழுப் பொருத்தம் கிடைக்கும் என்றும், தெற்காசியருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கே கிடைக்கும் என்றும் கணக்கிட்டது.

‘நம் மக்கள்தொகைக்கு ஏற்ற விகிதத்தில் நாமும் பதிந்தால் போதாதா?’ என்று கேட்கலாம். போதாது. பொருத்தம் தேடும் கணினி விழுக்காட்டைப் பார்ப்பதில்லை; எத்தனை பேர் என்று பார்க்கிறது. நாட்டின் இந்தியர்கள் மொத்தமே ஏறக்குறைய 20 லட்சம் பேர். சிறுபான்மையினர் தங்கள் விகிதத்துக்கு மேல் பதிந்தால்தான் அவர்களுக்குள் பொருத்தம் கிடைக்கும்.

இதில் இன்னொன்றும் உண்டு. பேராக்கின் பால்மரக் காடுகளுக்கு வந்தவர்கள் சேலம், திருச்சி, தஞ்சாவூர், ஆற்காடு மாவட்டங்களிலிருந்து கப்பலேறியவர்கள். அவர்களோடு எச்.எல்.ஏ. தொகுப்புகளும் கப்பலேறின. சென்னையில் 2009-இல் தொடங்கிய ‘தாத்ரி’ பதிவேட்டில் இருக்கும் ஒருவர் புந்தோங்கில் வாழும் ஒருவருக்குப் பொருந்தலாம். நீங்கள் பதிந்தால் தஞ்சாவூரில் ஒரு குழந்தைக்குப் பொருந்தலாம். மூன்று தலைமுறையாகக் கடிதப் போக்குவரத்தே இல்லாத சொந்தங்களை ஓர் இரத்த மாதிரி கண்டுபிடித்துவிடும்.

இனி, கையெழுத்துக்கு வருவோம். பதிவதற்குச் சிறிது இரத்தமோ, கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவிய மாதிரியோ போதும். முகாமில் நண்பர்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்து நாமும் நின்று, படிவம் நிரப்பிவிட்டு மறந்துவிடலாம். சில ஆண்டுகள் கழித்துத் தொலைபேசி ஒலிக்கும். ‘உங்கள் மாதிரி ஒருவருக்குப் பொருந்துகிறது.’ அன்றைக்குத்தான் வீட்டில் முதன்முறையாகப் பேச்சு எழும். அம்மா அழுவார். பாட்டி சாமி படத்தின் முன் நின்றுகொள்வார். நீங்கள் மறுத்துவிடுவீர்கள்.

மறுக்கும் உரிமை கொடையாளருக்கு எப்போதும் உண்டு. ஆனால் காலம் முக்கியம். பதியும் முன்பே மறுத்தால் யாருக்கும் நட்டமில்லை. பொருத்தம் தெரிந்த பின் மறுத்தால் நோயாளியின் விலைமதிப்பற்ற வாரங்கள் வீணாகும். கடும் மருந்தால் அவருடைய மஜ்ஜை அழிக்கப்பட்ட பிறகு மறுத்தால், புதியதும் இல்லை, பழையதும் இல்லை. அதனால்தான் படிவங்களின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லும் முகாம்களைவிட, கேள்வி கேட்க அரை மணி நேரம் ஒதுக்கும் முகாமை நான் மதிக்கிறேன். கோயிலோ பள்ளியோ முகாம் நடத்தினால், பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் அழைத்து உட்கார வைக்க வேண்டும்.

அவர்களிடம் என்ன சொல்வது? உண்மையைச் சொல்லுங்கள். முதுகுத் தண்டுவடத்தை யாரும் தொடுவதில்லை. மஜ்ஜையாக எடுப்பதென்றால் மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து ஊசியால் எடுப்பார்கள். சில நாள்கள் இடுப்பு வலிக்கும். இப்போது பெரும்பாலும் அதுவும் இல்லை. நான்கைந்து நாள்கள் ஒரு மருந்தை ஊசியாகப் போட்டு ஸ்டெம் செல்களை இரத்தத்துக்கு வரவழைத்து, கையிலிருந்து வரும் இரத்தத்தை இயந்திரத்தில் ஓட்டிப் பிரித்தெடுத்து, மீதியை உடலுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். சில மணி நேரம் பிடிக்கும். அந்த நாள்களில் எலும்பு வலியும் தலைவலியும் வரலாம். பெரிய பாதிப்புகள் மிக அரிது. ஆபத்தே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒன்றை மறைத்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

பால்மரம் சீவிய பாட்டியாக இருந்தால் உங்கள் வேலை இன்னும் எளிது. மரத்தை எப்படிச் சீவினீர்கள் என்று அவரிடமே கேளுங்கள். கட்டையில் கத்தி படாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவ வேண்டும் என்பார். சீவிய இடத்தில் பட்டை மறுபடி வளரும், சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மறுபடி சீவலாம் என்பார். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே ஓயாமல் பிரிந்து வளரும் ஓர் உயிரணு அடுக்கு இருப்பதால்தான் அது நடக்கிறது. மஜ்ஜையும் அப்படித்தான். மரத்துக்குச் சில ஆண்டுகள் என்றால், மஜ்ஜை சில வாரங்களில் தன்னை நிரப்பிக்கொள்ளும்.

‘இப்போது அரைப் பொருத்தம் உள்ள அப்பா அம்மாவே கொடுக்கலாமே, பதிவேடு எதற்கு?’ என்றும் சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அந்த முறை முன்னேறியிருக்கிறது. பலரைக் காப்பாற்றியும் வருகிறது. ஆனால் பெற்றோருக்கு வயதும் நோயும் இருக்கலாம். முழுப் பொருத்தம் கிடைத்தால் மருத்துவர்கள் பொதுவாக அதையே முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். மாற்று வழி ஒன்று இருப்பதால் முதல் வழியை அடைக்க வேண்டியதில்லை.

சிகிச்சைக்குப் பின் ஏறக்குறைய 100 நாள்கள் நோயாளி மருத்துவமனைக்கு அருகிலேயே தங்க நேரிடும். சுங்கை சிப்புட்டிலிருந்து அம்பாங் 200 கிலோமீட்டருக்கு மேல். உடன் தங்குபவருக்கு வேலை போகும், வாடகை ஏறும். பேராக்கின் கோயில்களும் சங்கங்களும் அந்த வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளலாம். அன்னதானம் செய்யத் தெரிந்த சமூகத்துக்கு இது புதிய பாடமில்லை.

மாணவர்களே, பள்ளியில் தலசீமியா பரிசோதனைக்காக உங்களிடம் இரத்தம் எடுக்கிறார்கள். அன்று மாலை வீட்டுக்குப் போனதும், ‘இன்றைக்கு இரத்தம் எடுத்தார்கள்’ என்று பேச்சைத் தொடங்குங்கள். மஜ்ஜை வரை கொண்டுபோங்கள். ஒரே நாளில் முடியாது. உங்களுக்கு 18 வயதாகும்போது பாட்டியே உடன் வந்து நிற்கும் அளவுக்குப் பேசியிருந்தால், அந்தக் கையெழுத்தை நம்பி ஒரு மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கலாம்.