நாலாவது ஆள்

கூடி விளையாடும் இடத்திலே கடைசியாக வந்து சேருகிறவன் நிலை சங்கடமானது. முன்னே வந்தவர்கள் தமக்குப் பிடித்தவற்றை எடுத்துக்கொண்டு விடுவார்கள். மிஞ்சியதை அவன் தலையிலே கட்டுவார்கள். "இது இல்லாமல் ஆட்டம் நடவாது, நீதான் எடுக்க வேண்டும்" என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்லுவார்கள். இந்த வாரம் அந்த நியாயத்தைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

நாம் சொல்லவரும் ஆட்டம் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. அமெரிக்கரான கரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் ஆக்கிய இது 1974ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மேசையைச் சுற்றிச் சிலர் அமருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். குகையும் காடும் பகைவரும் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். எடுத்த காரியம் கைகூடுமா என்ற ஐயம் எழும்போது இருபது பக்கங்களைக் கொண்ட பகடை அதனைத் தீர்க்கும். ஒருவரையொருவர் வெல்லுதல் இங்கே நோக்கமன்று. ஒரே குழுவாகச் சென்று ஆபத்தைக் கடப்பதே நோக்கம். ஆதலால், குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்ற கேள்வி முதல் நாளிலேயே எழுந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எமது மேசையிலே நடந்ததைச் சொல்லுகிறோம். ஒருவர் போர்வீரனை எடுத்தார். இன்னொருவர் கள்வனை எடுத்தார். நாம் மந்திரவாதியை எடுத்துக்கொண்டோம். நாலாவதாக நண்பர் ஒருவரின் தம்பி வந்தான். பாட்டினாலும் பேச்சினாலும் மாயம் புரியும் பாணனாக ஆட வேண்டுமென்பது அவன் ஆசை. "அதெல்லாம் சரிவராது, தம்பி. காயம் ஆற்ற ஆளில்லை. நீ மதகுருவை எடு" என்றோம். அவன் மறுத்துப் பேசவில்லை. மூன்று மாலைகள் வந்தான். தன் முறை வரும்போதெல்லாம் "இப்போது யாருக்கு ஆற்ற வேண்டும்?" என்று கேட்டான், வேறொன்றும் பேசவில்லை. நாலாம் மாலை அவன் வரவேயில்லை. குழுவிலே குறை இருக்கக்கூடாதென்று நாம் செய்த காரியத்தால் குழுவில் ஓர் ஆளே குறைந்து போயிற்று.

மதகுரு இன்றியமையாதவர் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 1974ஆம் ஆண்டு நூல்களிலே போர்வீரன், மந்திரவாதி, மதகுரு என மூன்றே வகைகள் இருந்தன. கள்வன்கூட 1975இல் வெளியான துணைநூலிலேதான் சேர்ந்தான். மதகுருவின் பிறப்போ வேடிக்கையானது. ஆர்னெசனின் மேசையிலே ஒருவர் இரத்தக்காட்டேரியாக ஆடி எல்லோரையும் திணறடித்தாராம். அவரை அடக்குவதற்கென்றே பேயோட்டும் குருவானவர் படைக்கப்பட்டார். வைத்தியம் பார்ப்பதற்காக அவர் பிறக்கவில்லை. முதற்படியில் நின்ற மதகுருவுக்கு அக்கால விதிகளிலே ஒரு மந்திரமேனும் கிடையாது. ஆயினும் அன்று புண்கள் தாமாக ஆறுவதற்கு நாட்கணக்காகும். ஆகவே மந்திரம் கற்றுத் தேறிய மதகுருவின் கையை எல்லோரும் எதிர்பார்த்திருந்தனர்.

காலம் மாறிற்று; விதிகளும் மாறின. 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி எட்டு மணிநேரம் நன்றாக ஓய்வெடுத்தால் இழந்த உயிர்ப்புள்ளிகள் யாவும் திரும்பிவிடும். வீழ்ந்தவர் உடனே மாள்வதுமில்லை. தம் முறை வரும்போதெல்லாம் அவர் பகடையை உருட்டுவார். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் நன்மை, குறைந்தால் தீமை. மூன்று நன்மை சேர்ந்தால் உயிர் நிலைக்கும். மூன்று தீமை சேர்ந்தால் போய்விடும். ஐந்து பொற்காசு விலையுள்ள மருந்துப் பை ஒன்றிருந்தால், எந்தப் பாத்திரமும் பகடை உருட்டாமலே வீழ்ந்தவர் உயிரை நிலைநிறுத்தலாம். பத்து முறைக்கு அது போதும். ஐம்பது பொற்காசுக்குக் காயம் ஆற்றும் பானமும் கிடைக்கும்.

அதே நூலிலுள்ள பன்னிரண்டு வகைகளுள் மதகுரு மாத்திரம் வைத்தியர் அல்லர். பாணனும், இயற்கையை வழிபடும் வனகுருவும், விரதம் பூண்ட வீரனும், வனவேடனும் முதலிலோ சற்று வளர்ந்த பின்னரோ பிறர் காயத்தை ஆற்ற வல்லவர்கள். அறுபது அடி தூரத்தில் வீழ்ந்து கிடப்பவரை ஒரே சொல்லால் எழுப்பும் மந்திரம் ஒன்றுண்டு. அதனைச் சொன்ன அதே முறையிலே வாளையும் வீசலாம். அந்த மந்திரம் பாணனுக்கும் உரியது! அத்தம்பி கேட்ட பாத்திரமே எமது குறையையும் தீர்த்திருக்கும். நூலைப் புரட்டிப் பார்க்க எமக்குப் பொறுமை இருக்கவில்லை.

ஆகவே, நாலாவதாக வருபவர் எந்தப் பெயர் குறைகிறதென்று பார்க்க வேண்டாம். எந்த வேலை குறைகிறதென்று பார்க்கட்டும். முன்னே நின்று அடி தாங்குபவர் யார்? மறைந்து சென்று உளவு பார்ப்பவர் யார்? அந்நியரோடு பேசி இணக்குபவர் யார்? வீழ்ந்தவரைத் தூக்குபவர் யார்? ஒவ்வொரு வேலையையும் செய்ய இரண்டு மூன்று வகையினர் உண்டு. அவர்களுள் மனத்துக்குப் பிடித்தவரைத் தெரிந்துகொள்ளலாம். மதகுருவையே விரும்பி எடுப்பவரும் உண்டு. கவசம் அணிந்து முன்வரிசையில் நின்று போரிடும் மதகுருவைக் காண்பது தனி அழகு. விரும்பி எடுத்தால் அது பதவி. பிறர் சுமத்தினால் அது பாரம்.

அப்படிப் பார்த்தும் ஒரு வேலைக்கு ஆளில்லையென்றால் என்ன செய்வது? அந்தச் சுமையை நால்வரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். போர்வீரன் மருந்துப் பையைச் சுமக்கட்டும். கள்வன் தன் காசிலே இரண்டு குப்பி பானம் வாங்கி வைக்கட்டும். மந்திரவாதி வீண் சண்டைக்கு வழி தேடாதிருக்கட்டும். கதையை நடத்துபவரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தால், குழுவின் பலத்தையறிந்து அவர் பகைவரை அமைப்பார். நால்வருமே கள்வராகச் சென்றாலும் கதை நடக்கும். நேரே மோதாமல் ஒளிந்து செல்லும் கதையாக அது அமையும்.

பாத்திரங்களைத் தெரியும் முதல் மாலையிலே, கடைசியாக வந்தவரிடம் "உமக்கு என்ன விருப்பம்?" என்று முதலில் கேளுங்கள். அவர் சொன்ன பின்னர் மற்றவர்கள் தத்தம் தெரிவைச் சற்று மாற்றிக்கொண்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அத்தம்பியைச் சென்ற மாதம் ஒரு கலியாண வீட்டிலே சந்தித்தோம். பழைய கதையை நாமே எடுத்துச் சொல்லி, மீண்டும் வரும்படி அழைத்தோம். சிறிது யோசித்துவிட்டு, "பாணனாக வரலாமா?" என்று கேட்டான். இம்முறை மருந்துப் பை எமது மந்திரவாதியின் தோளில்!