மறக்க முயலாதீர்!

தேர்வு நெருங்கும் நாட்களில் மறதியை நொந்துகொள்ளாத மாணவர் நம்மில் யார்? நேற்றுப் படித்தது இன்று நினைவில் இல்லையே என்று அலுத்துக்கொள்கிறோம். ஆனால், மறக்க வேண்டியதை மறக்க இயலாமல் தவிப்பவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர்களுள் ஒருவனாக இருந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு சனவரித் திங்களில் ஒரு மாலை. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் செறிவு மிக்க சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு குடுவையில் ஊற்றி வைத்துவிட்டு வெளியே போனேன். பெயர்ச்சீட்டு ஒட்டவில்லை. இரண்டு நிமிடத்தில் வந்துவிடப் போகிறோமே என்ற எண்ணம்! அக்கரைசல் பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும். வங்கத்திலிருந்து வந்து என்னுடன் பயிலும் தோழன் குடுவையை நகர்த்தியபோது அது சரிந்தது. தண்ணீர்தானே என்று வெறுங்கையால் மேசையைத் துடைத்தான். காரம் உடனே சுடுவதில்லை; முதலில் வழுக்கும், பிறகுதான் எரியும். நான் திரும்பி வந்தபோது அவன் கை சிவந்துவிட்டது. தில்லிக் குளிரில், குழாய் நீரில், 20 நிமிடத்துக்கு மேல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் புண் சில வாரங்களில் ஆறிற்று. என் புண் ஆறவில்லை. விடுதியில் எவர் குழாயைத் திறந்தாலும் அந்தக் கை என் கண்முன் வரும். படிக்கும்போது வரும், உண்ணும்போது வரும், உறங்கப் போனால் தவறாமல் வரும். ஆய்வுக்கூடத்தில் கழுவுதொட்டிக்கு அருகில் இருந்த என் மேசையை விட்டு மூலைக்கு மாறிக்கொண்டேன்.

“மறந்துவிடு” என்றார்கள் நண்பர்கள். “நடந்தது நடந்துபோச்சு, அதையே நினைக்காதேப்பா” என்றார் அம்மா, தொலைபேசியில். அன்பினால் சொன்ன சொற்கள். அவ்வாறே செய்ய என் முழு வலிமையோடும் முயன்றேன். நினைவோ இரு மடங்காக வந்தது.

இதில் வியப்பில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன். 1987ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலார் டேனியல் வெக்னரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவர்களிடம், “ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள்” என்றனர். மணி மீண்டும் மீண்டும் ஒலித்தது. அதன்பின் நினைக்கலாம் என்று விட்டபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்றிருந்தவர்களைவிட இவர்களே கரடியை மிகுதியாக நினைத்தனர்! காரணம் எளிது. ஒரு நினைவு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்க மனத்தில் ஒரு காவலனை நிறுத்துகிறோம். அந்தக் காவலனே கள்வனைக் கையோடு அழைத்து வந்துவிடுகிறான்.

ஆகவே விரட்டுவதை நிறுத்தினேன். “இந்த நினைவு என்னிடம் எதைக் கேட்கிறது?” என்று எண்ணிப் பார்த்தேன். விடை கசந்தது. நடந்ததை விபத்து என்றே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். பெயர்ச்சீட்டு ஒட்டாதவன் நான் என்பதை எவரிடமும் சொல்லவில்லை. கடன் தீராமல் கதவைத் தட்டும் ஓசை எப்படி ஓயும்?

மறுநாள் பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். கடிந்துகொண்டார், அது நியாயமே. பிறகு தோழனிடம் சொன்னேன். “எனக்கு அன்றே தெரியும். என் கை ஆறிவிட்டது. நீ எதற்கு இன்னும் குழாயடியில் நிற்கிறாய்?” என்று கேட்டான்.

அன்றோடு நினைவு நின்றுவிட்டது என்று எழுதினால் அது பொய். இன்றும் வருகிறது. ஆனால் நான் அதனோடு சண்டையிடுவதில்லை. கழுவுதொட்டி அருகே இருந்த பழைய மேசைக்கே திரும்பிவிட்டேன். நீரோசை கேட்கும், அந்தக் கை தோன்றும், நான் செய்துகொண்டிருந்த வேலையைத் தொடர்வேன். சிறிது நேரத்தில் அது போய்விடும். வரவு நாளடைவில் குறைந்திருக்கிறது.

எல்லோர் துயரும் என் துயர் போன்றதன்று. பிறர் இழைத்த கொடுமையை, எதிர்பாராத இழப்பைச் சுமப்பவர்களுக்குத் தீர்க்க வேண்டிய கடன் எதுவும் இல்லை. அவர்கள் தம்மைக் குற்றவாளியாக்கிக்கொள்ளலாகாது. உறக்கமும் உணவும் கெட்டு, நாட்கள் கடந்தும் அச்சம் தணியாவிட்டால் மருத்துவரை நாடுவதில் வெட்கம் என்ன? கை வெந்தால் மருந்திடுகிறோமே! 2022ஆம் ஆண்டு முதல் இயங்கும் அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். ஊரைவிட்டு வந்து விடுதி அறையில் தனித்திருக்கும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மறவாமையை வலியுறுத்தப் ‘பொச்சாவாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், மறக்கத் தக்கதும் உண்டு என்று செய்ந்நன்றி அதிகாரத்தில் சொன்னவர். இரண்டும் வேண்டும். பிழை தந்த பாடத்தை வைத்துக்கொள்வோம்; நமக்கு நாமே விதித்த தண்டனையை விட்டுவிடுவோம்.

இன்று என் மேசையில் தண்ணீர்க் குடுவைக்கும் பெயர்ச்சீட்டு உண்டு. அந்த நினைவு கற்பிக்க வேண்டியதைக் கற்பித்துவிட்டது. இனி அது வரட்டும், போகட்டும்.